புல்மேட்டில் நட்ட சோலை நாற்றுகள் கருகிவிட்டன, பக்கத்தில் சீகை மட்டும் பச்சையாக நிற்கிறது. ஏன்?

குந்தா மணி · ஜனவரி 9, காலை 7.10

எல்லோருக்கும் வணக்கம். ஊட்டிக்கு மேற்கே குந்தா பக்கம் எங்கள் ஊர். வீட்டுக்கு மேலே ஒரு புல்மேடு, அதன் மடிப்பில் ஒரு சின்னச் சோலை, அதாவது உயர்மலைப் பசுமைக் காடு. சோலையிலிருந்து வரும் ஓடைதான் ஊருக்குத் தண்ணீர்.

போன ஜூலையில் ஒரு நிறுவனத்திலிருந்து வந்து, பருவநிலை மாற்றத்தைத் தடுக்க மரம் நடுகிறோம் என்று ஊரையே கூப்பிட்டார்கள். கற்பூர மரமோ (யூகலிப்டஸ்) சீகையோ (வாட்டில்) கிடையாது, எல்லாம் நம் சோலை மரம்தான் என்றதால் நானும் என் மகளோடு போனேன். புல்மேட்டில் 400 குழி. அவள் நட்ட நாவல் இனக் கன்றில் தன் பெயரை எழுதி ஒரு குச்சியும் கட்டி வைத்தாள்.

மழை முடியும்வரை எல்லாம் தளதளவென்று இருந்தன. டிசம்பர் கடைசியில் தொடர்ந்து மூன்று ராத்திரி உறைபனி. நாலாம் நாள் காலையில் மேலே போனேன். இலையெல்லாம் வெந்நீர் ஊற்றியதுபோலக் கறுத்துத் தொங்குகிறது. தொட்டால் வேகவைத்த கீரைமாதிரி கையில் ஒட்டுகிறது. ஒரு வாரத்தில் சருகு. எண்ணிப் பார்த்தேன், உயிரோடு இருப்பது முப்பதுக்கும் கீழே.

என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு. அதே மேட்டில் யாரும் நடாமல் தானாக வந்த சீகைக் கன்றுகள் இடுப்பளவு நிற்கின்றன. ஒரு இலைகூடக் கருகவில்லை. இந்த மண்ணின் மரம் செத்துப்போகிறது, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது செழிக்கிறது. இது எப்படி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சோலைக்குருவி · ஜனவரி 9, இரவு 9.35

மணி அண்ணா, பாப்பா கட்டிய குச்சியைப் பற்றிப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. நான் தாவரவியல் படித்தவள், சில வருடமாக இந்த மலைப் புல்வெளிகளில்தான் வேலை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

கன்றுகளைக் கொன்றது பனிதான். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். ஆள் உயரத்தில் வைத்த தெர்மாமீட்டர் 2, 3 டிகிரி காட்டும்போதே புல்லின் நுனியில் பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும். ஒரு வருடக் கன்று நிற்பது சரியாக அந்த உயரத்தில். இலைக்குள் இருக்கிற நீர் உறைந்து திசு கிழிகிறது. விடிந்ததும் வெயில் நேராக அடிக்கிறது. உறைந்த இலையால் அந்த ஒளியைப் பயன்படுத்த முடியாது, அது இரண்டாவது காயம்.

சோலை மரம் முளைப்பதும் வளர்வதும் தாய்மரத்தின் நிழலில். பனிக்காலத்து இரவில் சோலைக்குள் காலடி வைத்தால் வெளியே இருக்கும் குளிர் சட்டென்று குறைவதைக் கவனித்திருப்பீர்கள். மரக்கூரை கம்பளிபோலச் சூட்டைப் பிடித்துவைக்கிறது. அந்தக் கம்பளிக்கு வெளியே கன்றை வைத்தால் அதற்குத் தற்காப்பு கிடையாது.

புல்லுக்கும் மேலே இருக்கும் தாள் கருகத்தான் செய்யும். ஆனால் குருத்து தூருக்குள்ளே, மண்ணை ஒட்டிப் பத்திரமாக இருக்கிறது. மார்ச்சில் நாலு தூறல் விழுந்தால் மறுபடி பச்சை. சீகையின் பிறந்த ஊரோ தென்கிழக்கு ஆஸ்திரேலியாவும் டாஸ்மேனியாவும். பனி அதற்குப் பழக்கம்.

பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் அதுல் ஜோஷி, ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் மூவரும் இந்தக் கேள்வியை நீலகிரியிலேயே ஆராய்ந்து 2020ல் வெளியிட்டார்கள். சோலையையும் புல்வெளியையும் அடுத்தடுத்துப் பிரித்து வைத்திருப்பது பனி. அந்நிய மரங்களின் பரவலும் வெப்பம் ஏறுவதும் சேர்ந்தால் அந்த ஏற்பாடு குலையும் என்பது அவர்கள் சொன்னதன் சாரம். உங்கள் மேட்டில் நடந்தது அதேதான்.

ஒரு உதவி வேண்டும். உயிரோடு இருக்கிற கன்றுகள் எந்த இடத்தில் நிற்கின்றன என்று பார்த்துச் சொல்ல முடியுமா?

தமிழ்ச்சிட்டு · ஜனவரி 10, காலை 6.50

ஒரு சந்தேகம் குருவி. குளிர்காற்று பள்ளத்தில்தான் போய்த் தேங்கும். அப்படியானால் சோலை மேட்டிலும் புல் பள்ளத்திலும் இருக்க வேண்டும். கண்ணில் படுவது தலைகீழாக இருக்கிறதே?

சோலைக்குருவி · ஜனவரி 10, காலை 8.15

நல்ல கேள்வி. பள்ளத்தில் இரண்டு விதம் உண்டு. அகலமாக, தட்டையாக இருக்கிற பள்ளத்தைப் பாருங்கள், அங்கே மரம் இருக்காது. சதுப்பும் புல்லும்தான். பூச்சி தின்னும் அழுகண்ணிச் செடி சிவப்புச் சிவப்பாக ஒட்டிக்கிடக்கும் இடம் அது. குளிர் தேங்குவதும் அங்கேதான். சோலை இருப்பது செங்குத்தான மடிப்புகளில், ஓடை பிறக்கிற இடுக்குகளில். காற்றுக்கு மறைவு, மண் ஆழம், ஈரம் எல்லாம் அங்கே உண்டு. ஒருமுறை கூரை மூடிவிட்டால் சோலை தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும். புல்வெளியும் தன் குளிரைத் தானே காத்துக்கொள்ளும். அதனால்தான் நடுவில் கோடு போட்டதுபோல இருக்கிறது.

பெரியகுளம் ரவி · ஜனவரி 11, மதியம் 1.20

நான் கீழே தோட்டம் வைத்திருப்பவன், மாவும் தென்னையும். கொடைக்கானல் மலையிலிருந்து வரும் தண்ணீரை நம்பிப் பிழைக்கிறோம். மரம் இருந்தால் மழை, மழை இருந்தால் தண்ணீர் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன். அதனால் மனதில் பட்டதைக் கேட்கிறேன், தப்பாக எடுக்க வேண்டாம்.

புல்மேடு என்பது யாரோ எப்போதோ காட்டை அழித்ததால் வந்த வெற்றிடம்தானே? அதில் மரம் வைப்பது பழையபடி காடாக்குவதுதானே? இரண்டாவது, பூமி சூடாகிறது என்கிறீர்கள். சூடானால் பனி குறையும். பனி குறைந்தால் சோலை மரம் தானாகப் புல்லுக்குள் இறங்கும். நல்லதுதானே?

சோலைக்குருவி · ஜனவரி 11, இரவு 10.05

ரவி ஐயா, தப்பாக எடுக்க ஒன்றுமில்லை. நீங்கள் கேட்ட முதல் கேள்வியை வனத்துறையும் விஞ்ஞானிகளும் பல காலம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பதில் நீலகிரியிலேயே, சதுப்புக்கு அடியில் இருந்தது.

அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்த தாவரக் கழிவு இருக்கிறது, கறுப்பு அல்வாபோல. மரமும் வெப்பமண்டலப் புல்லும் காற்றிலிருந்து கரியை (கார்பனை) எடுக்கும் முறை வேறு வேறு. அந்த வேறுபாடு செத்த பிறகும் மக்கில் கையெழுத்தாக நிற்கும். இந்திய அறிவியல் கழகத்தின் சுகுமாரும் உடனாய்வாளர்களும் அந்தக் கையெழுத்தைப் படித்து 1993ல் வெளியிட்டார்கள். சுமார் 20,000 ஆண்டு வரலாறு. பனியூழியின் உச்சத்தில், மழை குறைந்திருந்த காலத்தில், புல் ஓங்கியிருந்தது. பிறகு பருவமழை வலுத்தபோது மரத்தின் கையெழுத்து ஏறுகிறது. பிறகு மறுபடி மாறுகிறது. 20,000 ஆண்டுக்கு முன்னால் இந்த மலையில் கோடரி பிடித்து இவ்வளவு காட்டை யார் வெட்டியிருப்பார்கள்? புல்வெளி இங்கே சோலைக்கு இணையான பழங்குடி. வெற்றிடம் என்று அதைச் சொல்லும்போது எனக்கு உண்மையாகவே வலிக்கும்.

நீலகிரி நெட்டைக்காலி என்று ஒரு குருவி இந்த உயரத்துப் புல்லில்தான் கூடு வைக்கும். வரையாட்டுக்கு மேய்ச்சல் இது. குறிஞ்சி 2018ல் பூத்ததும் இந்தச் சரிவுகளில்தான், இனி 2030ல் பூக்கும்போது எவ்வளவு இடம் மிச்சமிருக்கும் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு நாற்றங்கால் வேலை தெரிந்த யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். செல்வி அக்கா இருக்கிறீர்களா?

வட்டக்கானல் செல்வி · ஜனவரி 12, மாலை 6.40

இருக்கிறேன் குருவி. இன்று முழுக்க விதைப்பாத்தியில் களை எடுத்துவிட்டு இப்போதுதான் கை கழுவினேன்.

ரவி அண்ணா, நீங்கள் சொல்கிறபடி பனி குறைந்து சோலை மட்டும் இறங்குவதாக இருந்தால் நானும் சந்தோஷப்படுவேன். ஆனால் ஓட்டப்பந்தயத்தில் சோலை தனியாக ஓடவில்லை. ஒரு சோலை மரத்தின் விதையைப் பாருங்கள். பல விதைகள் சதைப்பற்றுள்ள பழத்துக்குள் இருக்கும், பறவையோ குரங்கோ தின்று எச்சமிட வேண்டும். காயவிட்டால் செத்துவிடும். ஈரமாகவே வைத்து, உடனே விதைத்து, மாதக்கணக்கில் காத்திருந்து, முளைத்தபிறகு முழங்கால் உயரம் வர இரண்டு மூன்று வருடம். நான் விதைத்த சில தட்டுகளில் பத்து மாதம் கழித்து முதல் முளை வந்ததும் உண்டு.

சீகை விதை கறுப்பாக, எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக, கல்போல இருக்கும். மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீ பட்டாலோ மண்ணைக் கிளறி வெயில் பட்டாலோ ஒன்றாக எழுந்து வரும். வெட்டிய இடத்தில் கம்பளம் விரித்ததுபோல முளைத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், கால் வைக்க இடமில்லை. வேரில் தழைச்சத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும், அதனால் மண் எப்படி இருந்தாலும் கவலை இல்லை. பனி இருக்கும்போதே அதைத் தடுக்க முடியவில்லை. பனியும் விலகினால் முதலில் உள்ளே வருவது யார்? எங்கள் நாவல் விதை கண் திறப்பதற்குள் சீகை தலைக்குமேல் வளர்ந்திருக்கும்.

பழனி மலையில் 1973லிருந்து 2014 வரை செயற்கைக்கோள் படங்களை வைத்து ஒப்பிட்ட ஆய்வு இருக்கிறது. நாற்பது வருடத்தில் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. மரத்தோட்டமும் விவசாயமும் எடுத்துக்கொண்டவை. மேற்குத் தொடர்ச்சியின் உச்சிமலைகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த இன்னொரு ஆய்வில், 2017 வரையிலான 44 வருடத்தில் அந்நிய மரம் பரவியதால் மட்டும் போன புல்வெளி சுமார் 340 சதுர கி.மீ., அதாவது 23 சதவீதம். நட்டது தோல் பதனிடப் பட்டைக்காகவும் மரக்கூழுக்காகவும். நடுவது 1980களின் கடைசியில் ஓய்ந்தது. பரவுவது ஓயவில்லை.

கோத்தகிரி போஜன் · ஜனவரி 13, காலை 5.55

இந்த இழையை ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்தேன். நான் ஆராய்ச்சிக்காரன் இல்லை, தேயிலை விவசாயி.

பனி பற்றி ஒரு வார்த்தை. நீர்ப்பனி நவம்பரில் ஆரம்பிக்கும், அப்புறம் உறைபனி, பிப்ரவரிவரை இழுக்கும் என்பது எங்கள் அப்பா காலத்துக் கணக்கு. தாகைச் செடியை வெட்டி வந்து இளம் தேயிலைமேல் போர்த்தும் வேலைக்கு ஒரு நாள் குறித்திருந்தார்கள். இப்போது அந்த நாளை யாரும் குறிப்பதில்லை. சில வருடம் டிசம்பர் பாதிவரை மழை, பனியே காணோம். பிறகு திடீரென்று நாலே நாள் வந்து தோட்டத்தைக் கருக்கிவிட்டுப் போகிறது. மொத்தத்தில் குறைகிறது என்று சொல்லலாம், ஆனால் வருகிற நாளில் முன்பைவிடக் கோபமாக வருகிறது. செடியும் பழக்கப்படாமல் மாட்டிக்கொள்கிறது.

இன்னொன்று எருமை. என் பாட்டி பேச்சில் எருமை இல்லாத புல்மேடு கிடையாது. எங்கள் படகர் ஊர்களிலும் இருந்தது, தோடர் மந்துகளில் (அவர்கள் குடியிருப்புகளில்) கேட்கவே வேண்டாம், அவர்களுக்குத் தெய்வமே அதுதான். வெயில் காலத்துக்கு முன்னால் பழம்புல்லைப் பகுதி பகுதியாகக் கொளுத்துவார்கள். புதுப்புல் வரும், எருமை மேயும், தலை தூக்கும் செடிகொடி ஒடுங்கும். வெள்ளைக்காரன் வந்தபிறகு தீ வைப்பது குற்றமானது. மந்தையும் குறைந்தது. மேட்டை மேட்டாக வைத்திருந்தது பனி மட்டும் இல்லை, மனுஷனும் மாடும்தான். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தோடர் கோயில் கூரைக்கு வேய்கிற புல் சதுப்பில் வளர்வது. அதற்கு இப்போது எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். கண் கலங்கும்.

சோலைக்குருவி · ஜனவரி 13, காலை 9.20

போஜன் அண்ணா, அவசியம் சேர்க்க வேண்டியதுதான். எரிப்பதில் மட்டும் ஒரு எச்சரிக்கை. சீகை விதை மண்ணில் இல்லாத காலத்தில் அந்தத் தீ புல்லுக்கு நல்லது செய்தது. இன்று ஓரமெல்லாம் சீகை நிற்கிற மேட்டில் தீ வைத்தால் செல்வி அக்கா சொன்ன கம்பளம்தான் விரியும். பழைய மருந்தை இன்றைய உடம்புக்கு அப்படியே கொடுக்க முடியாது.

இதே இடத்தில் காற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 280 பங்கு. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. இங்குள்ள புற்களில் பல, கரி குறைவான காற்றிலும் சாமர்த்தியமாகப் பிழைக்கத் தெரிந்தவை. பனியூழியில் அவை ஓங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். கரி பெருகினால் அந்தச் சாமர்த்தியத்துக்கு மதிப்புக் குறையும், மரங்களுக்குக் கை ஓங்கும். சூடும் மரத்துக்குச் சாதகம், காற்றும் மரத்துக்குச் சாதகம், நாமும் மரத்தையே நடுகிறோம். புல்லின் பக்கம் நிற்க யார் இருக்கிறார்கள்?

அவலாஞ்சி நடையன் · ஜனவரி 14, இரவு 8.00

இவ்வளவு தெரிந்தபிறகு பேசிக்கொண்டிருப்பதில் அர்த்தம் இல்லை. மலையில் இருக்கிற சீகை முழுவதையும் ஒரே மூச்சில் வெட்ட வேண்டும். நீதிமன்றமும் அந்நிய மரங்களை அகற்றச் சொல்லியிருக்கிறது, 2022ல் தமிழ்நாடு அரசே அயல் தாவரங்களை அகற்றக் கொள்கை வெளியிட்டிருக்கிறது. இன்னும் என்ன தயக்கம்? முக்குருத்தி தேசியப் பூங்காவில் ஸ்காட்ச் புரூம், கோர்ஸ் என்ற அந்நியப் புதர்கள் மஞ்சளாகப் பூத்து நிற்பதைச் சுற்றுலா வருபவர்கள் அழகு என்று படம் பிடிக்கும்போது வயிறு எரிகிறது.

வட்டக்கானல் செல்வி · ஜனவரி 15, காலை 7.30

பொங்கல் வேலையெல்லாம் முடித்துவிட்டு எழுதுகிறேன். நடையன் தம்பி, உங்கள் வயிற்றெரிச்சல் எனக்கும் உண்டு. ஆனாலும் ஒரே மூச்சில் என்பதை நான் எதிர்ப்பேன்.

சீகைத் தோட்டம் எல்லாம் ஒன்றல்ல. எங்கள் பக்கம் ஐம்பது வருடத்துப் பழைய தோட்டங்களில் குனிந்து உள்ளே போய்ப் பாருங்கள். அடியில் சோலைக் கன்றுகள் வந்திருக்கின்றன, தோளுயரம்கூட. பக்கத்துச் சோலையிலிருந்து பறவை கொண்டுவந்து போட்டவை. மேலே இருக்கும் சீகை நிழலும் கொடுக்கிறது, பனியையும் தடுக்கிறது. அதை மொட்டையாக வெட்டினால் அடியில் இருக்கிற கன்று நசுங்கும், மிச்சம் வெயிலிலும் பனியிலும் போகும், மண்ணில் தூங்கும் சீகை விதை எழும். பத்து வருடத்தில் பழையபடி சீகை, இந்தமுறை அடியில் சோலைக் கன்று இல்லாமல்.

அப்புறம் மண். 2019 ஆகஸ்டில் உங்கள் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது உங்களுக்கே தெரியும். அப்படி ஒரு மழை, வெட்டி மொட்டையான சரிவில் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மழை இப்போது அப்படித்தான் மொத்தமாகக் கொட்டுகிறது.

என் கருத்து இது. புல்வெளி இன்னும் உயிரோடு இருந்து, ஓரத்தில் மட்டும் சீகை நுழைகிற இடம்தான் முதல் வேலை. அங்கே ஒரு ஆள் ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் பிடுங்கலாம், செலவே இல்லை. அடர்ந்து முற்றிய தோட்டத்தை, முக்கியமாகச் சோலைக்குப் பக்கத்தில் இருப்பதை, விட்டுப் பிடிக்கலாம். அது மெதுவாகச் சோலையாகட்டும். நாம் செய்வது இதற்கு நேர்மாறாக இருக்கிறது. லாரி போகிற ரோட்டோரம் இருக்கிற பெரிய மரத்தை வெட்டுகிறோம், உச்சிப் புல்மேட்டில் விரல் தடிமனில் வரும் கன்றைக் கவனிப்பதில்லை.

அவலாஞ்சி நடையன் · ஜனவரி 15, காலை 10.10

அக்கா, அடியில் வரும் சோலைக் கன்றை நான் யோசிக்கவில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் விட்டுப் பிடிக்கலாம் என்பது கைவிடுவதாக மாறிவிடக் கூடாது என்று மட்டும் பயப்படுகிறேன். முற்றிய மரம் ஒவ்வொன்றும் வருடா வருடம் விதை கொட்டுகிறது.

வட்டக்கானல் செல்வி · ஜனவரி 15, காலை 10.40

அந்தப் பயம் சரிதான் தம்பி. புல்வெளிக்கு நேராகக் காற்று வீசும் பக்கம் இருக்கிற தாய்மரங்களைத் தனித்தனியாக எடுக்கத்தான் வேண்டும். அதில் உங்கள் பக்கம் நிற்கிறேன்.

பெரியகுளம் ரவி · ஜனவரி 16, மதியம் 12.45

இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். என் கேள்வி தண்ணீர். மேலே புல் இருந்தாலும் மரம் இருந்தாலும் எனக்குக் கீழே வாய்க்காலில் என்ன வரும்? யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா?

சோலைக்குருவி · ஜனவரி 16, இரவு 9.10

அளந்திருக்கிறார்கள் ஐயா. ஊட்டியில் உள்ள மத்திய மண் நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் கிளென்மார்கனில் பக்கத்துப் பக்கத்து இரண்டு ஓடைப் படுகைகளை எடுத்துக்கொண்டது. ஒன்றைப் புல்லும் சோலையுமாக அப்படியே விட்டார்கள். மற்றதில் பாதிக்கு மேற்பட்ட பரப்பில் 1972ல் கற்பூர மரம் நட்டார்கள். இரண்டு ஓடையிலும் வரும் நீரைப் பல ஆண்டு அளந்தார்கள். முதல் பத்து வருடச் சுற்றில் மரம் நட்ட ஓடையில் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. வெட்டியபின் அடிக்கட்டை துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுற்றில் குறைவு சுமார் 25 சதவீதம்.

கோடையில் ஓடை மெலிந்திருக்கும்போது இந்தக் குறைவு அதிகம் உறைக்கும். புல் மழையை வாங்கி, வேரடியில் வைத்து, மெதுவாக விடுகிறது. ஆழ வேர் விட்டு வருடம் முழுக்கக் குடிக்கும் மரம் அப்படி விடுவதில்லை.

பெரியகுளம் ரவி · ஜனவரி 16, இரவு 9.50

நன்றி அம்மா. நாங்கள் கீழே ஆளுக்கு ஆள் ஆழ்துளைக் கிணறு போட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். மேலே புல்லைப் பற்றி எங்கள் பாசனக் கூட்டத்தில் ஒருநாளும் பேசியதில்லை. அடுத்த கூட்டத்தில் நான் எழுந்து பேசுவேன்.

நுவரெலியா தயா · ஜனவரி 19, மாலை 5.25

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் பேசுவது எங்கள் ஹோட்டன் சமவெளியின் கதையாகவும் இருப்பதால் சும்மா இருக்க முடியவில்லை.

2,100 மீட்டர் உயரத்தில் இதே காட்சிதான். நடுவில் பத்தனைப் புல்வெளி, சுற்றி முகில் காடு. ஜனவரி, பிப்ரவரியில் உறைபனியும் விழும். காலையில் மரைகள் (கடமான்கள்) வெள்ளைப் புல்லில் மேயும். 1960களில் அங்கே விதை உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள். உழுத அந்த நிலத்தில் பழைய புல் இன்றுவரை முன்போல வரவில்லை. வெள்ளைக்காரர் கொண்டுவந்த கோர்ஸ் முட்செடி இங்கேயும் பரவி, மாணவர்களும் தொண்டர்களும் போய்ப் பிடுங்குகிறார்கள்.

எங்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. முகில் காட்டு மரங்கள் உச்சியிலிருந்து காய்ந்து, நின்றபடியே சாகின்றன. பல பத்தாண்டாக நடக்கிறது. வறட்சி என்றும் மண் சத்து என்றும் காற்றில் வரும் மாசு என்றும் ஆராய்கிறார்கள். நடந்து போகும்போது பச்சைக்கு மேலே வெள்ளை எலும்பு நீட்டியதுபோலக் கிளைகள் தெரியும். அங்கே காடு முகிலிலிருந்தே தண்ணீர் கறக்கிறது, பாசி சொட்டச் சொட்ட நிற்கும். பூமி சூடானால் முகில் மேலே ஏறும் என்கிறார்கள். மலைக்கு அதற்குமேல் உயரம் இல்லையே. உங்கள் சோலையின் உச்சிக் கிளைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் எழுதினேன்.

தமிழ்ச்சிட்டு · ஜனவரி 20, காலை 7.05

அப்படியானால் கரியைப் பிடித்து வைக்க மரம் நடச் சொல்கிறார்களே, அது தப்பா? என் பிள்ளைகளின் பள்ளியிலும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

சோலைக்குருவி · ஜனவரி 20, காலை 8.30

மரம் நடுவது தப்பில்லை. காடு இருந்து அழிந்த இடத்தில், அந்த இடத்து மரத்தை நடுங்கள். நானும் வந்து குழி வெட்டுகிறேன். புல்வெளி தன் கரியை மண்ணுக்குள் வைக்கிறது. வெளியே தெரியாததால் கணக்கில் வருவதில்லை. மரத்தின் கரி கண்ணுக்குத் தெரியும், ஒரு காட்டுத்தீயில் ஒரே மதியத்தில் புகையாகவும் போகும். புல் எரிந்தால் தாள் போகும், மண்ணுக்கடியில் இருப்பதில் பெரும்பகுதி நிற்கும். பிள்ளைகளிடம் எந்த இடத்தில் எதை என்று சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

குந்தா மணி · பிப்ரவரி 2, மாலை 4.15

குருவி கேட்டதற்கு இப்போதுதான் பதில் எழுத முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை மகளோடு போய் ஒவ்வொரு குழியாகப் பார்த்தோம். அவள் நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தாள்.

உயிரோடு இருப்பது 26. அதில் 19 சோலை ஓரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு அடிக்குள் நிற்கின்றன. நாலு கன்று ஒரு பெரிய பாறையின் மறைவில். மூன்று மட்டும் நடுமேட்டில், ஆனால் அவை நிற்பது ஒரு காட்டுப்பூவரசின் அடியில். ரோடோடெண்ட்ரான் என்பார்களே, புல்வெளிக்கு நடுவில் தனியாக, கோணல்மாணலாக, சிவப்பாகப் பூத்து நிற்கும் அதே மரம். திறந்த வெளியில் வைத்த ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. அவள் பெயர் எழுதிய கன்றும் பிழைக்கவில்லை. குச்சி மட்டும் இருக்கிறது.

சோலைக்குருவி · பிப்ரவரி 2, இரவு 8.20

அண்ணா, பாப்பாவின் நோட்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். காட்டுப்பூவரசு பனியும் தீயும் தாங்கும், நம் மலையில் புல்லுக்கு நடுவே நிமிர்ந்து நிற்கத் தெரிந்த மரம் அதுதான். அதன் நிழலில் மூன்று பிழைத்தது அழகான கண்டுபிடிப்பு. நான் நூறு பக்கத்தில் எழுதினாலும் இவ்வளவு தெளிவாக வராது.

குந்தா மணி · மே 30, மாலை 6.00

நடுவில் எழுத முடியவில்லை. இரண்டு நாளாக நல்ல மழை. இன்று மேலே போனோம்.

காய்ந்த கன்றுகளின் குழிகளை எட்டிப் பார்த்தால் பல குழிகளில் சீகை முளைத்திருக்கிறது. விரல் நீளம், இறகுபோன்ற இலை. மண்ணைக் கிளறி வெயில் காட்டியது நாங்கள்தானே. மகள் எண்ணினாள், 61 குழி. அவள் குச்சி நட்ட குழியிலும் இரண்டு.

எனக்கு வந்த துக்கத்தை எழுத வார்த்தை இல்லை. ஊரில் கூடிப் பேசினோம். இனி அந்த மேட்டில் யார் வந்து கேட்டாலும் குழி வெட்ட விடுவதில்லை என்று முடிவு. சோலை ஓரத்து 19 கன்றுக்கு மட்டும் வருகிற பனிக்குத் தாகை போர்த்துவோம். வருகிற ஞாயிறு பதினாலு பேர் சீகை பிடுங்கப் போகிறோம். செல்வி அக்கா, எப்படிப் பிடுங்க வேண்டும்? வெட்டினால் போதுமா?

வட்டக்கானல் செல்வி · மே 30, இரவு 7.45

வெட்டாதீர்கள் மணி அண்ணா. சில வகை வேரிலிருந்தே மறுபடி துளிர்க்கும். மண் ஈரமாக இருக்கிற இந்த வாரமே போங்கள், காய்ந்தபிறகு வேர் பாதியில் அறுந்துவிடும். கன்றைத் தரையை ஒட்டிப் பிடித்து, நேராக மேலே, மெதுவாக இழுங்கள். ஆணிவேர் முழுசாக வர வேண்டும். இடுப்பளவு வளர்ந்ததற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் கடப்பாரையால் ஒரு பக்கம் மட்டும் லேசாக நெம்பினால் போதும், பெரிதாகக் கிளற வேண்டாம். பிடுங்கிய இடத்தில் அந்தப் புல்தூரையே திருப்பி வைத்து மிதித்துவிடுங்கள், மண் வெறுமையாகக் கிடக்கக் கூடாது. பிடுங்கியதை வேர் மேலே இருக்கும்படி பாறைமேல் போட்டுக் காயவிடுங்கள். அடுத்த வருடமும் இதே வாரம் போக வேண்டும், அதற்கடுத்த வருடமும்.

பாப்பாவின் நோட்டில் அந்த 61 குழிக்கும் அடையாளம் போட்டு வைக்கச் சொல்லுங்கள். ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் நானும் கிளம்பி வருகிறேன்.